இலவச விளையாட்டும் அதற்குள் இருக்கும் கடையும்

– க.பொ.த. உயர்தர வணிகப் பிரிவு மாணவி

அரசாங்கம் தரும் இலவசப் பாடநூலுக்கு நாட்டு மக்கள் வரியாகக் காசு கொடுக்கிறார்கள். நோன்பு காலத்தில் பள்ளிவாசலில் இலவசமாகக் கிடைக்கும் கஞ்சிக்கு ஊரவர்கள் கொடுக்கிறார்கள். இலவசம் என்று எதைக் கண்டாலும் அதன் செலவை யார் பொறுக்கிறார் என்று கேட்பது வணிகக் கல்வி படிப்பவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. அப்படியென்றால் எங்கள் வீட்டுத் தொலைபேசிகளில் இலவசமாக வந்து இறங்கும் விளையாட்டுகளுக்கு யார் கொடுக்கிறார்கள்?

இந்தக் கேள்வியை எல்லா விளையாட்டுகளைப் பற்றியும் கேட்கலாம். நான் எனக்குத் தெரிந்த ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது காட் மோதல் விளையாட்டு. பெற்றோர் பலர் இதை "போனைப் பார்த்துக்கொண்டிருக்கிற வேலை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். விளையாடுகிறவர்களின் அபிப்பிராயத்தை யாரும் கேட்பதில்லை. கேட்டால், இதில் எது நல்லது, எது கெட்டது என்பதை அவர்களே மிகச் சரியாகப் பிரித்துச் சொல்கிறார்கள் என்பது எனது கருத்து.

தெரியாதவர்களுக்காக முதலில் சுருக்கமாகச் சொல்கிறேன். 1996 இல் ஜப்பானில் கசுகி தகஹாஷி என்பவர் வரைந்த 'யூ-கி-ஓ' என்ற சித்திரக் கதையில் பிள்ளைகள் காட்களை வைத்து மோதிக்கொள்வார்கள். 1999 இல் கொனாமி நிறுவனம் அதை உண்மையான காட் விளையாட்டாக அங்கு விற்கத் தொடங்கியது. பின்னர் அது தொலைபேசிக்கு வந்தது. 'டூவல் லிங்க்ஸ்' 2017 ஜனவரியில் உலகமெங்கும் வெளியானது. 'மாஸ்டர் டூவல்' 2022 ஜனவரியில் வந்தது. இரண்டையும் தரவிறக்கக் காசு இல்லை. இருவர் எதிரெதிரே ஆடுவார்கள். டூவல் லிங்க்ஸில் ஒருவருக்கு 4000 உயிர்ப் புள்ளிகள், மாஸ்டர் டூவலில் 8000. மொன்ஸ்டர் காட், மாயக் காட், பொறிக் காட் என்று இருக்கும். எதிராளியின் புள்ளியைப் பூச்சியமாக்குகிறவர் வெல்வார். எந்தக் காட்களை ஒரு கட்டாகச் சேர்த்துக்கொண்டு போவது என்பதை ஆடுகிறவரே தீர்மானிக்க வேண்டும்.

இது எங்கள் வீடுகளுக்குள் வந்த வழியும் நினைவில் இருக்க வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் வட்ஸ்அப்பிலும் சூமிலும் நடந்தன. அதுவரை ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகளிலும் நகையை அடகு வைத்தாவது ஒன்று வாங்கினார்கள். பாடசாலை திறந்த பிறகும் போன் வீட்டில் இருந்தது. பாடத்துக்கென்று வந்த போனில் விளையாட்டும் குடியேறியது. எனவே இதைப் பிள்ளைகளின் கெட்ட பழக்கம் என்று மட்டும் பார்ப்பது நியாயமில்லை.

இனி விளையாடுகிறவர்கள் சொல்வதைக் கேட்போம். நான் என் தம்பியிடமும், சாச்சியின் மகனிடமும், என்னோடு படிக்கும் இரண்டு பேரிடமும், கத்தாரில் வேலை செய்யும் ஒரு நானாவிடமும் கேட்டேன். நானும் விடுமுறையில் விளையாடுகிறவள்தான்.

எல்லோரும் முதலில் சொன்னது, "மூளைக்கு வேலை" என்பது. அது உண்மை. இந்தக் காட்கள் தமிழில் இல்லை. ஒவ்வொரு காட்டிலும் சின்ன எழுத்தில் ஆங்கில வசனங்கள் நிறைந்திருக்கும். அதை விளங்காமல் ஆட முடியாது. ஒரு காட்டில் 'வென்' என்று எழுதியிருப்பதற்கும் இன்னொன்றில் 'இஃப்' என்று எழுதியிருப்பதற்கும் விதியில் வித்தியாசம் உண்டு. 'வென்' என்று தொடங்கும் சில காட்களை உரிய கணத்தில் பாவிக்க முடியாவிட்டால் வாய்ப்புத் தவறிவிடும். 'இஃப்' என்று தொடங்குபவை அப்படித் தவறுவதில்லை. ஒன்பதாம் தரத்தில் படிக்கும் என் தம்பிக்கு ஆங்கில இலக்கணப் புத்தகம் என்றால் கசப்பு. ஆனால் இந்த இரண்டு சொற்களின் வித்தியாசத்தை அவன் எனக்கு அரை மணித்தியாலம் விளக்கினான்.

என் வகுப்புத் தோழி ஒருத்தி சொன்னது வேறு. அவளுக்கு ஆடுவதைவிடக் கட்டுச் சேர்ப்பதில்தான் விருப்பம். "எந்தக் காட்டை விடுவது என்று முடிவெடுக்கிறதுதான் கஷ்டம்" என்றாள். பொருளியலில் சந்தர்ப்பச் செலவு என்று நாங்கள் படிப்பது இதைத்தான். ஒன்றைத் தெரிவு செய்தால் கைவிடும் மற்றொன்றே அதன் செலவு. அவள் தான் விளையாடுவதை வீட்டில் சொல்வதில்லை. தம்பிமார் விளையாடினால் "பொடியன்தானே" என்கிறார்கள், பெண்பிள்ளை விளையாடினால் அது வேறு பேச்சாகிவிடுகிறது என்றாள். சொல்லாமல் விளையாடுகிற பிள்ளைக்கு ஏதும் பிரச்சினை வந்தால் யாரிடம் போய்ச் சொல்வாள் என்பதையும் பெரியவர்கள் யோசிக்க வேண்டும்.

குறைகளும் சொன்னார்கள். மாஸ்டர் டூவலில் யார் முதலில் ஆடுவது என்பதை நாணயம் சுண்டித்தான் தீர்மானிக்கிறது. பலமான கட்டு வைத்திருப்பவர் முதலில் ஆடினால், நீண்ட நேரம் காட் மேல் காட்டாக இறக்கிக்கொண்டே போவார். எதிரில் இருப்பவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். "நான் விளையாடவே இல்லை, தோற்றுப்போனேன்" என்று சாச்சியின் மகன் சொன்னான். அவன் இப்போது அதை விட்டுவிட்டான். இது விளையாட்டுக்குள் உள்ள குறை. பிடிக்காதவர் விட்டுவிட்டுப் போகலாம். நான் கவலைப்படுவது மற்றக் குறையைப் பற்றி.

சின்ன வயதில் நாங்கள் கொக்கான் வெட்டினோம். எவ்வளவு வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் ஐந்து கல்தான், இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் அதே ஐந்து கல்தான். செஸ்ஸில் இருவருக்கும் பதினாறு காய்கள். கரம்போட்டில் எல்லோருக்கும் ஒரே ஸ்ட்ரைக்கர். காட் மோதல் விளையாட்டில் அப்படியில்லை. எதிரில் இருப்பவரிடம் என்ன காட் இருக்கிறது என்பது அவருடைய திறமையை மட்டும் பொறுத்ததல்ல. அவர் உள்ளே இருக்கும் கடையில் எவ்வளவு செலவழித்தார், அவருக்கு என்ன விழுந்தது என்பவற்றையும் பொறுத்தது.

அந்தக் கடை இயங்கும் விதத்தைக் கணக்கோடு பார்ப்போம். உங்களுக்குத் தேவையான காட்டைப் பெரும்பாலும் கடையில் விலை கேட்டு வாங்க முடியாது. பெரும்பாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பக்கெட்டைத்தான் வாங்க வேண்டும். பக்கெட் வாங்க 'ஜெம்' எனப்படும் மாணிக்கக் கற்கள் வேண்டும். கற்களை ஆடிச் சேர்க்கலாம், அல்லது காசு கொடுத்து வாங்கலாம். டூவல் லிங்க்ஸின் தொடக்ககாலப் பெரிய பெட்டி ஒன்றில் 200 பக்கெட்டுகள் இருந்தன. ஒரு பக்கெட் 50 கல், அதற்குள் மூன்று காட்கள். மிக அரிய காட் ஒவ்வொன்றும் முழுப் பெட்டிக்கும் ஒன்றுதான். அதிர்ஷ்டம் கடைசிவரை வராவிட்டால் அந்த ஒரு காட்டுக்காக 10,000 கல் போக வேண்டும். ஒரே காட்டை ஒரு கட்டில் மூன்று வரை வைக்கலாம் என்பதால், மூன்றும் வேண்டுமென்றால் மூன்று பெட்டி. ஆனாலும் இதில் ஒரு நியாயம் இருக்கிறது என்கிறான் தம்பி. பெட்டிக்குள் இருப்பது எண்ணிக்கைக்கு உட்பட்டது. எடுக்க எடுக்கக் குறையும், கடைசியில் கிடைத்தே தீரும்.

மாஸ்டர் டூவலில் பக்கெட் அப்படி முடிவதில்லை. 100 கல்லுக்கு எட்டுக் காட்கள். ஒரு காட் மிக உயர்ந்த தரத்தில் வரும் வாய்ப்புப் பொதுவாக நூற்றுக்கு 2.5. வந்தாலும் அது உங்களுக்கு வேண்டியதாக இருக்கும் என்று இல்லை. வேண்டாத காட்டை உடைத்துப் புள்ளியாக்கி, வேண்டியதைச் செய்துகொள்ளலாம். சாதாரணமான ஒன்றை உடைத்தால் 10 புள்ளி கிடைக்கும், அதே தரத்தில் ஒன்றைச் செய்ய 30 புள்ளி வேண்டும். மூன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கும் வியாபாரம் இது. ஒரே காட்டில் மூன்று வேண்டுமென்றால் ஒன்பது அரிய காட்களை அழிக்க வேண்டும். 2014 இல் வெளிவந்த 'ஹார்த்ஸ்டோன்' என்ற விளையாட்டிலும் இதே முறைதான். அங்கு மிக அரிய காட்டை உடைத்தால் 400 கிடைக்கும், செய்ய 1600 வேண்டும். நாலுக்கு ஒன்று. எங்கள் ஊரில் ஒரு கடைக்காரர் மூன்று தேங்காயை வாங்கிக்கொண்டு ஒன்றைத் திருப்பித் தந்தால் அந்தக் கடைக்கு யார் போவார்கள்?

கத்தார் நானாவின் அபிப்பிராயம் எனக்கு மாறானது. அவர் மாதத்துக்கு ஒரு தடவை காசு கொடுத்துக் கல் வாங்குகிறார். "விளையாட்டைச் செய்தவனுக்கும் சம்பளம் வேண்டும்தானே. நான் சினிமாவுக்கும் போவதில்லை, சிகரட்டும் குடிப்பதில்லை" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உழைத்தவருக்குக் கூலி கொடுக்க வேண்டும். காசு கொடுக்காமல் ஆடுகிற என்னைப் போன்றவர்களின் பங்கையும் அவர் போன்றவர்கள்தான் சுமக்கிறார்கள். முதலில் கேட்ட கேள்விக்குப் பதிலும் இதுதான். ஆனால் அவர் உழைக்கிறவர், தன் சம்பளத்தில் வாங்குகிறார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அப்படியல்ல. மேலும், கூலி கேட்பவர் விலையைச் சொல்லிக் கேட்கலாம். இந்தக் காட் இவ்வளவு என்று எழுதி விற்றால் நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். மூடிய பக்கெட்டை விற்பதுதான் பிரச்சினை.

வவுனியா நகரில் லொத்தர் விற்பவர் அது லொத்தர் என்று சொல்லியே விற்கிறார். எங்கள் வீடுகளில் அதை வாங்குவதில்லை. ஏன் வாங்குவதில்லை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சூதாட்டத்தை அல்குர்ஆன் மதுவோடு சேர்த்தே விலக்கியிருக்கிறது. ஆனால் அதே வீட்டில், அதே பிள்ளை கூடத்தில் உட்கார்ந்து, என்ன விழும் என்று தெரியாத பக்கெட்டைக் காசுக்கு வாங்கித் திறந்தால் யாருக்கும் ஒன்றும் தோன்றுவதில்லை. இதற்கு மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அது உலமாக்களின் வேலை. பக்கெட் திறக்கும்போது வெளிச்சமும் சத்தமுமாகக் காட் திரும்பும் அந்தக் கணத்தில் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள் என்று மட்டும் சொல்வேன். அது மோதலில் வென்ற சந்தோஷம் அல்ல.

இது எங்கள் ஊருக்கு மட்டும் தோன்றிய சந்தேகமும் அல்ல. குறிப்பிட்ட காட்கள் முழுவதையும் சேர்த்தால் பரிசு என்று சொல்லி மேலும் மேலும் வாங்க வைத்த முறையை ஜப்பான் 2012 இல் தடுத்தது. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு 2018 இல் சில பிரபல விளையாட்டுகளின் அதிர்ஷ்டப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றது. அப்பிள் நிறுவனம் 2017 இறுதியில், இப்படி விற்பவர்கள் வாய்ப்பு எத்தனை வீதம் என்பதை வெளியிட வேண்டும் என்று விதித்தது. தமிழ்நாட்டில் காசு வைத்து ஆடும் இணைய ரம்மியால் குடும்பங்கள் அழிந்த பின்னர், 2022 இல் நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு அறிக்கை கொடுத்து, சட்டமும் வந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டாலும், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று அவற்றை அதிலிருந்து நீக்கியது.

திறமையா, அதிர்ஷ்டமா என்ற அந்தக் கேள்வியைக் காட் மோதலிடம் கேட்டால் இரண்டும்தான் என்று பதில் வரும். மோதலில் பெரும்பகுதி திறமை. கடையில் முழுவதும் அதிர்ஷ்டம். இரண்டும் ஒரே செயலிக்குள் இருப்பதால் பெற்றோருக்கு ஒன்றாகத் தெரிகின்றன. விளையாடுகிற பிள்ளைகளுக்கு அவை இரண்டு என்று நன்றாகத் தெரியும். நான் கேட்ட ஐந்து பேரில் நால்வர் மோதலைப் புகழ்ந்தார்கள், கடையைத் திட்டினார்கள்.

ஆகவே பெற்றோரிடம் நான் கேட்பது, போனைப் பறிக்க வேண்டாம், கடையை மூடுங்கள் என்பதுதான். வாங்கும் ஒவ்வொரு தடவையும் கடவுச்சொல் கேட்கும்படி பிளே ஸ்டோரில் அமைக்கலாம். அந்தச் சொல் வாப்பாவிடமோ உம்மாவிடமோ இருக்கட்டும். வங்கிக் காட்டின் இலக்கத்தைப் பிள்ளை பாவிக்கும் போனில் சேமித்து வைக்க வேண்டாம். விளையாட்டுக்கு நேரம் குறியுங்கள். தினமும் வந்தால் கல் தருகிறோம் என்று அழைக்கும் விளையாட்டுக்குத் தவணைப் பரீட்சை பற்றித் தெரியாது.

என் வயதுடைய மாணவிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்குத் தம்பி, தங்கைகள் இருக்கிறார்கள். கடைப் பக்கத்தில் வாய்ப்பு வீதத்தைக் காட்டும் அட்டவணை ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறது. உம்மாமார் பலருக்கு அதைத் தேடி வாசிக்க முடியாது. எங்களால் முடியும். இன்றிரவு தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திறந்து, நூறு காட் எடுத்தால் எத்தனை உயர்ந்த தரத்தில் வரும், அதற்கு எத்தனை ரூபா போகும் என்று ஒரு கொப்பித் தாளில் அவனையே கணக்குப் போடச் சொல்லுங்கள். அவன் கணக்குப் போட்டு முடித்ததும் அந்தத் தாளை உம்மாவிடம் காட்டுங்கள்.