பிடிக்காத நீதியரசரை என்ன செய்வது?

ஒரு தீர்ப்பு நமக்குப் பிடிக்காவிட்டால் "இவரை முதலில் தூக்க வேண்டும்" என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்பவர்கள் சாமுவேல் சேஸ் என்பவரின் கதையைக் கொஞ்சம் வாசிக்க வேண்டும்.

மேரிலாந்தைச் சேர்ந்த சேஸ், அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவர்களில் ஒருவர். 1796இல் ஜனாதிபதி வாஷிங்டன் அவரை உயர் நீதிமன்ற நீதியரசராக நியமித்தார். நல்ல நீதியரசரா என்றால், நாம் ஆம் என்று சொல்லமாட்டோம். வரிக்கு எதிராகக் கிளர்ந்த ஜோன் ஃப்ரைஸின் தேசத்துரோக வழக்கில், எதிரியின் சட்டத்தரணிகள் வாய் திறக்கும் முன்பே தன் சட்ட அபிப்பிராயத்தை எழுதிக் கொடுத்துவிட்டார். அவர்கள் வழக்கை விட்டே விலகினார்கள். ஃப்ரைஸுக்கு மரண தண்டனை. ஜனாதிபதி அடம்ஸ் மன்னித்ததால் உயிர் தப்பினார். ஜனாதிபதியைத் தாக்கி எழுதிய கலெண்டர் என்ற பத்திரிகையாளரைச் சேஸ் ஒன்பது மாதம் சிறைக்கு அனுப்பினார். 1803இல் பால்டிமோரில் நீதிமன்ற ஆசனத்தில் இருந்தபடியே யூரிமாருக்கு அரசியல் பிரசங்கம் செய்தார். இதெல்லாம் நீதிபதி செய்கிற வேலையா?

அப்போது ஆட்சி ஜெபர்சனின் கட்சியிடம். 1804இல் பிரதிநிதிகள் சபை குற்றப் பிரேரணையை நிறைவேற்றியது, எட்டுக் குற்றச்சாட்டுகள். விசாரணை செனட் சபையில். தலைமை தாங்கிய உப ஜனாதிபதி ஆரன் பர் மீதே அப்போது கொலைக் குற்றச்சாட்டு இருந்தது, அது தனிக் கதை.

கணக்கைப் பாருங்கள். செனட்டர்கள் 34 பேர். நீக்குவதற்கு 23 வாக்குகள் தேவை. ஆளும் கட்சிக்கு 25 பேர் இருந்தார்கள். ஆனாலும் எந்தக் குற்றச்சாட்டுக்கும் 19க்கு மேல் கிடைக்கவில்லை. 1805 மார்ச் 1 அன்று சேஸ் விடுதலையானார்.

நாம் மதிப்பது சேஸை அல்ல, தன் கட்சிக்கு எதிராக வாக்களித்த அந்தச் செனட்டர்களை. அவர்களுக்கும் சேஸைப் பிடித்திருக்காது. ஆனால் வாய்க்கொழுப்புக்காகவும் கட்சிச் சார்புக்காகவும் ஒருவரை நீக்கிவிட்டால், ஆட்சி மாறும் ஒவ்வொரு முறையும் நீதிமன்றமும் மாறும். தவறான தீர்ப்பைத் திருத்த மேன்முறையீடு இருக்கிறது, மன்னிப்பு இருக்கிறது. பயந்துபோன நீதிபதியைத் திருத்த என்ன இருக்கிறது?

வழக்கை நடத்திய ஜோன் ரண்டோல்ஃப் தோற்ற அன்றே, இரு சபைகளும் கேட்டால் ஜனாதிபதி எந்த நீதிபதியையும் நீக்கலாம் என்று அரசியலமைப்புத் திருத்தம் ஒன்றைக் கொண்டுவந்தார். அது நிறைவேறவே இல்லை. சேஸ் 1811இல் இறக்கும்வரை அதே ஆசனத்தில் இருந்தார்.