விரல் ஓடினால் போதுமா?

சிங்கப்பூர்த் தமிழ் வீடுகளில் பியானோ பற்றிக் கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "எந்த கிரேட்?" தேக்காவில் சனிக்கிழமை மாலை தோசைக்குக் காத்திருக்கும் குடும்பங்களுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். "உங்க பொண்ணு கிரேட் சிக்ஸா? டிஸ்டிங்ஷனா?" என்பார்கள். அவள் என்ன வாசிக்கிறாள் என்று யாரும் கேட்பதில்லை.

1889இல் லண்டனில் தொடங்கிய ஏபிஆர்எஸ்எம்மைத் திட்டுவது சுலபம். ஆனால் அதன் வழக்கமான செய்முறைத் தேர்வில்கூட 150 மதிப்பெண்ணில் 90 மூன்று உருப்படிகளுக்குத்தான், ஸ்கேலுக்கு 21. வருடம் முழுக்க அந்த மூன்றையே அரைத்து, அதை விரல் பந்தயமாக்கியது நாம்தான்.

2019இல் சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'ஃப்ளைட் ஆஃப் தி பம்பிள்பீ'யை நிமிடத்துக்கு 208 பீட் வேகத்தில் வாசித்தார், பிறகு 325இல். பத்து லட்சம் டாலர் பரிசும் வென்றார். அசாத்தியமான இசைஞானம் உள்ளவர். நம் வாட்ஸப் குழுக்களோ அந்த 325ஐ மட்டும் பிடித்துக்கொண்டன. காரின் வேகமானியைப் பார்த்துக் கைதட்டுவது மாதிரி.

டெக்னிக் என்றால் விரல் வேகம், விரல் பலம் என்ற இந்த நம்பிக்கையைத்தான் நான் மறுக்கிறேன். விரலை மடக்கி நீட்டும் தசைகள் விரலிலேயே இல்லை. உள்ளங்கையிலும் முன்கையிலும் இருக்கின்றன. பியானோ கட்டை சுமார் 10 மில்லிமீட்டர்தான் இறங்குகிறது. அதற்குள் சுத்தியல் விடுபட்டுத் தானாகப் போய்க் கம்பியை அடித்துவிடுகிறது. அப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் ஒலி மாறாது, மணிக்கட்டுதான் வலிக்கும்.

எனக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் ஒருவர் புறங்கையில் ஐம்பது காசு நாணயத்தை வைப்பார். விழுந்தா மறுபடி முதல்ல இருந்து. நாணயம் விழாமல் வாசிக்க எல்லாரும் கற்றோம். மணிக்கட்டை இறுக்கிப் பூட்டவும் கூடவே கற்றோம்.

ஷூமானுக்கு இருபதுகளின் தொடக்கத்திலேயே வலதுகை பழுதாகி, பியானோ கலைஞராகும் கனவு போனது. விரலைப் பலப்படுத்த அவர் பயன்படுத்திய கருவியும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அதே ஆண்டில் பிறந்த ஷோப்பான் வேறு வழியில் போனார். ஒவ்வொரு விரலுக்கும் தனி இயல்பு உண்டு, எல்லாவற்றையும் ஒரே பலத்துக்குக் கொண்டுவர முயல்வது வீண் என்றார். மாணவர்களுக்கு அவர் முதலில் கொடுத்த ஸ்கேல் பி மேஜர். ஐந்து கறுப்புக் கட்டைகள் உள்ள ஸ்கேல் அது. பார்க்கப் பயமாக இருக்கும். நீளமான விரல்கள் கறுப்புக் கட்டைகளில் இயல்பாக உட்கார்ந்துகொள்ளும். கைக்குத் தகுந்த பாடம்!

அப்போ ஸ்கேல் வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் வேண்டும். வெண்பா எழுதத் தளை தெரிந்திருக்க வேண்டும். ஆனால் தளை தட்டாமல் எழுதுகிறவரையெல்லாம் கவிஞர் என்று நாம் சொல்வதில்லையே. இந்தத் தெளிவு கவிதையில் நமக்கு இருக்கிறது, பியானோவில் ஏன் இல்லை?

மனசுக்குள் கேட்ட ஒலியை, உடம்பை வருத்தாமல் கருவியிலிருந்து வரவழைப்பதுதான் நல்ல டெக்னிக். முதலில் காது, பிறகுதான் கை. பியானோவில் ஒரு சுரம் அடித்த கணத்திலேயே தேயத் தொடங்கிவிடுகிறது. தேயும் ஒலியின் முனையில் அடுத்த சுரத்தைச் சரியான கனத்தில் வைத்து, அறுந்துபோகாத ஒரு மெல்லிசையாக்குவது வேகத்தைவிடக் கடினமான வேலை. அதற்கு மதிப்பெண் போட ஒரு மெட்ரோநோமால் முடியாது.

இதைச் சொல்லித்தராததால்தான் கிரேட் எட்டு முடிந்ததும் பல வீடுகளில் பியானோ மூடப்படுகிறது. அடுத்த கட்டம் இணையத்தில் விற்பனை விளம்பரம். சான்றிதழ் சுவரில் தொங்கும். தேர்வுக்கு வெளியே ஒரு பாட்டை, தனக்காக மட்டும் வாசிக்கச் சொன்னால் அந்தப் பிள்ளை திகைக்கும். எட்டு வருடமாக யாரும் கேட்கவில்லையே, உனக்கு எது பிடிக்கும் என்று.