வெற்றேடு அன்று

திருகோணமலைப் பிரெடரிக் கோட்டையின் வாயிலிலே இணைக்கயல் பொறித்த பழங்கல்லொன்று உண்டு. தமிழெழுத்துகளும் உடன் உள. எத்தனையோ தலைமுறையின் வெயிலையும் கடற்காற்றையும் தாங்கிய பின்னரும் கயல் கயலாகவே தெரிகின்றது. கல்லிலே உளி ஆழ இறங்கலாம். ஓலையிலே எழுத்தாணிக்கு அந்த உரிமை இல்லை.

சென்ற ஆண்டு ஆடியமாவாசைக்குச் சில நாள் முன்பு, துறைமுகத்தை அடுத்த வீடொன்றிலிருந்து எமக்கு அழைப்பு வந்தது. அவ்வீட்டு ஆச்சி, பரம்பரையாக இருந்த ஏட்டுக்கட்டொன்றைக் கடலிற் சேர்த்துவிட எண்ணியிருந்தார். சோதிடமும் மந்திரமும் கலந்த ஏடுகள் அவை. இடையிலே பத்துப் பன்னிரண்டு ஏடுகளில் ஒன்றுமே இல்லை. “வெறும் ஓலை” என்றார் ஆச்சி. நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். விளக்கைப் பக்கவாட்டிற் சரித்துப் பிடித்தபோதுதான் மயிரிழை போன்ற கீறல்கள் தென்பட்டன.

எழுத்தாணி மை சிந்துவதில்லை. ஓலையின் மேற்புறத்தைக் கீறுவதோடு அதன் வேலை முடிந்தது. கரியை எண்ணெயிற் குழைத்துத் தடவித் துடைத்தால், கீறலில் மட்டும் கருமை தங்கும். மையாடுதல் என்பது இதுவே. கைப்பழக்கமுள்ள முதியவர் ஒருவரைக் கொண்டு ஓரேட்டுக்கு மையாடுவித்தோம் (பழகாத கை இதனைச் செய்தலாகாது). சக்கரமொன்று எழுந்தது, 25 அறைகள், அறைதோறும் ஓரெழுத்து.

உடன்வந்த மாணவர், “சதுரம் வரையத் தெரியாதவர் போலும்!” என்றார். அறைகள் யாவும் நீண்டு கிடந்தன. அச்சுப் புத்தகத்தின் செப்பமான சக்கரங்களைக் கண்டு பழகிய கண் அது. ஏட்டின் அகலமோ ஒன்றரை அங்குலம். ஐந்து வரிசையை அதனுள் அடக்கினால், ஓரறைக்குக் கால் அங்குல உயரந்தான் கிடைக்கும். எழுத்துக்கு இடந்தேடி அறை பக்கவாட்டில் நீளாது வேறென் செய்யும்? மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியும் இல்லை. குத்தினால் ஓலை துளைபடும். நெடுங்கோடுகளை ஒரே இழுப்பாக இழுக்காமல் விட்டுவிட்டுக் கீறியிருந்தார். நாரோடு நெடுக இழுத்தால் ஓலை பிளந்துவிடுமன்றோ? நாம் பிழையென்று கண்டவை யாவும் அக்கையின் எச்சரிக்கை.

ஒடிசாவின் ரகுராஜ்பூர்ச் சித்திரகாரர், அகலம் வேண்டுமிடத்து ஓலைகளை நூலால் தைத்து இணைத்து வரைகின்றனர். நம்மூர்ச் சோதிடர் ஓரேட்டோடு அமைந்தார்.

இக்காலத்தில் ஏடுகளைப் படம்பிடித்துக் கணினியிற் சேர்க்கும் நற்பணி நடைபெறுகின்றது. ஆயினும், நேரே விழும் ஒளியில் எடுத்தால் மையாடாத ஏடு வெற்றோலையாகவே பதியும். சரிந்த ஒளியில் மற்றொரு படமும் எடுத்தல் வேண்டும்.

சக்கரத்தை ஆச்சியிடம் காட்டினோம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“அப்ப, மற்ற ஓலையளையும் ஒருக்காப் பாருங்கோ, தம்பி” என்றார்.

அவ்வாண்டு அமாவாசைக்குக் கட்டுக் கடலுக்குப் போகவில்லை.