பூசையை அனுப்புகிறோம், வரலாற்றை எழுதவில்லை

ஞாயிறு பூசைக்கு முதல் மணி அடித்ததும் பீடத்துக்கு எதிரே ஸ்டாண்டில் கைப்பேசியைப் பொருத்தி, ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு வயரை இழுத்து அதில் செருகி, யூடியூபில் நேரலையைத் தொடங்கிவைப்பது நம் புதுக்கோட்டை மாவட்டத்துப் பங்குகள் பலவற்றில் கோயில்பிள்ளையின் வேலைகளில் ஒன்றாகிவிட்டது. அன்பியத்துக்கு ஒன்று, பாடகர் குழுவுக்கு ஒன்று, இளையோருக்கு ஒன்று என்று வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன. பூசைக் கருத்து, இறந்தோர் அறிவிப்பு, அன்றைய வாசகம், கொடியேற்ற அழைப்பிதழ் எல்லாம் அவற்றில் வந்து விழுகின்றன. காணிக்கைப் பெட்டியின் மேலேயே கியூஆர் அட்டை ஒட்டியிருக்கிறது. கத்தோலிக்கர்கள் தொழில்நுட்பத்தைக் கண்டு ஒதுங்குகிறவர்கள் என்ற பழைய புகாரை இனி யாரும் சொல்ல முடியாது. நம்முடைய புகார் வேறு. அனுப்ப முடியாததை வாரந்தோறும் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்; அனுப்பக்கூடியதை எழுதாமலே விட்டுவைத்திருக்கிறோம்.

அனுப்ப முடியாதது நற்கருணை. கத்தோலிக்க நம்பிக்கையில் அது கேட்டுவிட்டுப் போகும் செய்தியன்று, உட்கொள்ளும் உணவு. அதற்கு ஆள் அங்கே இருந்தாக வேண்டும். சமூகத் தொடர்புக்கான திருப்பீட அவை 2002 பிப்ரவரியில் 'திருச்சபையும் இணையமும்' என்ற ஆவணத்தை வெளியிட்டபோது, இணையத்தில் அருளடையாளங்கள் கிடையாது என்று ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டது. 2011இல் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்ய உதவும் ஐபோன் செயலி ஒன்று அமெரிக்காவில் வந்தது. செயலி வழியாகப் பாவமன்னிப்புப் பெற முடியாது என்று வத்திக்கான் உடனே விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. 2020இல் கொரோனாவால் கோயில் கதவுகள் சாத்தப்பட்டபோது நேரலை தவிர வேறு வழி இருக்கவில்லை. மார்ச் 27 அன்று ஆளில்லாத பேதுரு சதுக்கத்தில் மழையில் நின்று திருத்தந்தை பிரான்சிஸ் செபித்ததை உலகமே திரையில்தான் பார்த்தது. கதவுகள் திறந்து வெகுகாலம் ஆன பிறகும் ஸ்டாண்டு மட்டும் இடத்தை விட்டு நகரவில்லை. படுக்கையில் கிடக்கும் பாட்டிக்கும், சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகும் அறந்தாங்கிப் பையனுக்கும் அது ஆறுதல்தானே என்று கேட்பார்கள். ஆறுதல்தான். அதை நிறுத்தச் சொல்ல நமக்கு மனமும் இல்லை, உரிமையும் இல்லை. ஆனால் பூசை மட்டுமே வேண்டுமென்றால் வேளாங்கண்ணியிலிருந்து நல்ல கேமராக்களோடு நாள்தோறும் நேரலை வருகிறது. அதை விட்டுவிட்டு, ஒலி இரைகிற தன் ஊர்க் கோயிலின் நேரலையை அந்தப் பையன் ஏன் திறக்கிறான்? வாசகம் வாசிப்பது யார், எந்த வீட்டுப் பெரியவருக்கு இந்த வாரம் முப்பதாம் நாள் பூசை, தேருக்கு வண்ணம் பூசியாகிவிட்டதா என்று பார்க்கத்தான். அவன் தேடுவது தன் ஊரின் நினைவை. ஒரு மணி நேரக் காணொளிக்குள் அதைத் தேடி எடுக்க முடியாது. அடுத்த ஞாயிறு வந்ததும் அது கீழே போய்விடும்.

அனுப்பக்கூடியதை அனுப்புவதில் தமிழ்நாட்டுத் திருச்சபை ஒரு காலத்தில் எல்லோருக்கும் முன்னால் நின்றது. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கங்கள் கொண்ட சிறுநூல். இந்திய எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அதுதான். அதை ஆக்கிய அன்ரிக்கே அன்ரிக்கசு முத்துக்குளித்துறையில் மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தவர். சொன்னதைத் தாளில் ஏற்றினால் தான் போக முடியாத ஊருக்கும் அது போகும் என்று அறிந்தவர். பின்னால் வந்த வீரமாமுனிவர் காவியம் பாடியதோடு நிற்கவில்லை. 1732இல் சதுரகராதியை முடித்தார். ஓலையில் எகர ஒகரங்களின் குறிலும் நெடிலும் ஒன்றாய்க் கிடந்த குழப்பத்தைத் தீர்த்த எழுத்துச் சீர்திருத்தமும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. அக்காலச் சேசு சபையார் தமிழகத்திலிருந்து எழுதிய நீண்ட மடல்கள் 1702 முதல் பாரிசில் தொகுதி தொகுதியாக அச்சாகி, இந்த மண்ணைக் கண்ணால் பார்த்திராத ஆயிரக்கணக்கானோரால் படிக்கப்பட்டன. நூற்றாண்டுகள் கழித்து வானொலி வந்தபோதும் இதே கதைதான். வத்திக்கான் வானொலியை 1931இல் அமைத்துக் கொடுத்தவர் மார்க்கோனி. மணிலாவிலிருந்து வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப்பணியைச் சிற்றலையில் கேட்டுக் கடிதம் போட்ட கிராமத்து நேயர்களில் கத்தோலிக்கர் அல்லாதவர்களும் நிறையப் பேர். 2018இல் அந்தச் சிற்றலை நின்று இணையத்துக்கு மாறியது. அச்சானாலும் மடலானாலும் வானொலியானாலும் இவர்கள் கருவியில் ஏற்றியது சொல்லையும் விளக்கத்தையும் வாதத்தையும் செய்தியையும். கருவி எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்ற தெளிவு அவர்களுக்கு இருந்தது.

நம் மாவட்டத்துக்குள்ளேயே இதற்குச் சான்று இருக்கிறது. ஆவூர் பெரியநாயகி மாதா கோயில் மதுரை மிஷனின் பழைய தலங்களில் ஒன்று. வீரமாமுனிவரும் பணியாற்றிய இடம். இன்றுள்ள கோயில் 1747இல் கட்டப்பட்டது. அதற்கு முந்தைய பழைய கோயிலைப் பற்றி இணையத்தில் தேடினால், 1547இல் புஷே அடிகளார் கட்டினார் என்ற ஒரே வரி ஆங்கிலத்திலும் தமிழிலும் திரும்பத் திரும்ப வருகிறது. சுற்றுலாத் தளங்கள் ஒன்றிலிருந்து ஒன்று எடுத்துப் போட்டிருக்கின்றன. ழான் வெனான் புஷே பிறந்தது 1655இல். பிறப்பதற்கு நூறாண்டுக்கு முன்பே ஒருவர் கோயில் கட்டியிருக்கிறார்! அந்த 1547இல் சவேரியார் இந்தியா வந்தே ஐந்தாண்டுதான் ஆகியிருந்தது. மதுரை மிஷனைத் தொடங்கிய ராபர்ட் தெ நொபிலியே மதுரைக்கு வந்தது 1606இல். கொஞ்சம் வரலாறு தெரிந்த எவரும் இரண்டே நிமிடத்தில் பிடித்துவிடக்கூடிய பிழை இது. ஆனாலும் நிற்கிறது. ஏன் நிற்கிறது என்றால், தமிழில் இதைச் சரியாக, சான்றோடு, தேடினால் முதலில் கண்ணில் படும்படி எழுதிவைக்க நாம் முன்வரவில்லை. இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். அது இணையத்தில் எழுதிக்கிடப்பதைப் படித்துத்தான் பேசுகிறது. நாளைக்கு ஒரு பள்ளிப் பிள்ளை ஆவூரைப் பற்றிக் கேட்டால் அதே 1547 இன்னும் அழகான நடையில் வந்து நிற்கும்.

ஆண்டு தவறுவதாவது பரவாயில்லை, ஆவணம் பார்த்துத் திருத்தலாம். ஆவணத்திலேயே இல்லாதவை என்ன ஆகும்? ஆவூரில் உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டி நடக்கும் பாஸ்கா நாடகத்தையும் தேரையும் காண சுற்றுவட்டாரமே திரள்கிறது. ஆயிரம் கைப்பேசிகள் அதைப் படம் பிடிக்கின்றன. பாஸ்காவின் வசனம் யார் கைப்பட எழுதியது, எந்தப் பகுதி எப்போது சேர்ந்தது, எது கைவிடப்பட்டது, எந்த ஊர்க்காரர்கள் எந்த வேடத்தை வழிவழியாக ஏற்கிறார்கள் என்று உட்கார்ந்து கேட்டு எழுதிய பக்கத்தைத் தேடினால் கிடைப்பதில்லை. தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கத்தை ராகம் போட்டு வாசிக்கும் முதியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் இலங்கையில் யாக்கோமே கொன்சால்வெஸ் எழுதிய அந்த நூல் அச்சில் இருக்கிறது. நம் ஊர்கள் அதற்குக் கொடுத்த ராகம் எந்தத் தாளிலும் இல்லை. எழுதத் தொடங்கினால் நமக்கு உவப்பில்லாதவையும் வெளியே வரும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தேர் எந்தத் தெருவுக்குள் நுழைந்தது, எந்தத் தெருவுக்குள் நுழையவில்லை, பறை யார் அடித்தார்கள், கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த மூலை என்பதெல்லாம் திருச்சபை வரலாறுதான். கல்லறைக்குள்ளும் சாதிச் சுவர் உண்டு என்பது திருச்சியை அறிந்தவர்களுக்குப் புதிதல்ல. விழா மலர்களில் பங்குத்தந்தையர் பட்டியலும் நன்கொடையாளர் படமும் வருவதற்கும், இவை வராததற்கும் காரணம் இடப் பற்றாக்குறை இல்லை.

பொதுநிலையினரின் கதையை எழுதிவைப்பதால் என்ன ஆகிவிடும் என்பதற்கு தேவசகாயத்தைச் சொல்லலாம். 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட அவரைப் பற்றி, நான்கே ஆண்டுகளில், 1756இல், கொச்சி ஆயர் உரோமைக்கு அறிக்கை அனுப்பினார். ஊர் மக்கள் அவர் கதையைப் பாட்டாகவும் நாடகமாகவும் காப்பாற்றினார்கள். 2022 மே 15 அன்று அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது அந்த அறிக்கைக்கு வயது 266. எழுத்தும் மக்கள் நினைவும் ஒன்றையொன்று தாங்கியிராவிட்டால், குடும்பத் தலைவர் ஒருவரை உரோமை எங்கிருந்து கண்டிருக்கும்? சென்ற ஆண்டுகளில் கோயில் சுவர்களில் படமாக ஏறிய கார்லோ அகுதிஸையும் இந்தக் கோணத்திலேயே பார்க்கத் தோன்றுகிறது. பதினைந்து வயதில் 2006இல் இறந்து, 2025 செப்டம்பர் 7 அன்று புனிதரான அந்த இத்தாலியச் சிறுவனை இணையத்தின் பாதுகாவலர் என்று கொண்டாடுகிறார்கள். அவனுடைய ஜீன்சையும் காலணியையும் பற்றிப் பேசுகிறவர்கள் அவன் கணினியில் உண்மையில் செய்ததை அவ்வளவாகப் பேசுவதில்லை. நற்கருணைப் புதுமைகளாகத் திருச்சபை போற்றும் நிகழ்வுகளை நாடு நாடாகத் தேடி, இடம், காலம், படத்தோடு அட்டவணைப்படுத்தி இணையதளத்தில் ஏற்றினான். அவன் செய்தது பொறுமையான தொகுப்பு வேலை, கணக்குப்பிள்ளை வேலை.

அந்த வேலைக்கு ஆள் எங்கே என்று கேட்க புதுக்கோட்டைக்கு உரிமையில்லை. 2015 அக்டோபர் 11 அன்று தமிழ் வலைப்பதிவர் திருவிழா நடந்தது சென்னையிலோ கோவையிலோ அல்ல, இங்கே. கணினித் தமிழ்ச் சங்கம் முன்னின்று நடத்தியது. நா. முத்துநிலவன் போன்ற தமிழாசிரியர்களும் அவர்களோடு சேர்ந்த பள்ளி ஆசிரியர்களுமே அதன் முதுகெலும்பு. கல்வியையும் இலக்கியத்தையும் பற்றி இத்தனை பேர் தட்டச்சு பழகி எழுதிய மாவட்டத்தில், பங்குப் பள்ளிகளின் ஆசிரியர்கள் தங்கள் நம்பிக்கையைப் பற்றி எழுதாதது திறமை இல்லாமல் அன்று. அது சாமியார் வேலை என்ற எண்ணம்தான் கையைக் கட்டியிருக்கிறது. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2010 சமூகத் தொடர்பு நாள் செய்தியில் குருக்களை வலைப்பதிவு உள்ளிட்ட புதிய ஊடகங்களைக் கையாளச் சொன்னார் என்பது உண்மை. ஆனால் பொதுநிலையினர் எழுத ஆயரகத்தின் முத்திரைக்குக் காத்திருக்க வேண்டும் என்பது உண்மையில்லை. மறைக்கல்வி நூலுக்கும் செபநூலுக்கும் ஒப்புதல் வேண்டும். திருச்சபையின் நலம் குறித்துத் தம் கருத்தை மேய்ப்பர்களுக்கும் மற்ற விசுவாசிகளுக்கும் சொல்வது பொதுநிலையினரின் உரிமை, சில வேளை கடமை என்று 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 212ஆம் சட்டமே சொல்கிறது. தவறாக எழுதிவிட்டால் என்ன செய்வது என்று தயங்குகிறவர்கள் தங்கள் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து பார்க்கட்டும். பத்துப் பேருக்கு அனுப்பினால் புதுமை நடக்கும் என்ற நவநாள் செய்தியும், மூன்று நாள் இருள் வரப்போகிறது என்ற எச்சரிக்கையும் யாருடைய ஒப்புதலும் இல்லாமல்தான் சுற்றுகின்றன. 2018இல் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்யக் கூடாது என்று வாட்ஸ்அப் நிறுவனமே கட்டுப்பாடு போட்ட பிறகும் அவை ஓயவில்லை. பெயர் போட்டு எழுதுகிறவரைத் திருத்தலாம். ஃபார்வர்டை யாரிடம் போய்த் திருத்துவது?

வலைப்பதிவுக் காலம் முடிந்துவிட்டது, இனி யார் வாசிப்பார்கள் என்பது வலுவான மறுப்பு. வாசகர் எண்ணிக்கை குறைந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறோம். இதழ் நடத்துகிற எங்களுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இந்த எழுத்து இன்று மாலை லைக் வாங்குவதற்கானது அன்று. 1995இல் வெளியான திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு இன்று தமிழ் விக்கிமூலத்தில் முழுமையாகக் கிடைக்கிறது. சிலர் ஊதியமில்லாமல் உட்கார்ந்து ஏற்றியதன் பலனை, பெயர் தெரியாத வாசகர்கள் தேவைப்படும்போது வந்து எடுத்துக்கொள்கிறார்கள். எதை ஏற்றக் கூடாது என்பதிலும் கண்டிப்பு வேண்டும். திருமுழுக்குப் பதிவேட்டில் தாய் தந்தை பெயரும், சில இடங்களில் ஓரத்துக் குறிப்பில் குடும்பங்களின் அந்தரங்கமும் இருக்கும். உயிரோடு இருப்பவர்களின் பக்கத்தைப் படமெடுத்துப் போடுவது சேவையாகாது. முதல் நன்மை வாங்கும் குழந்தைகளின் முகத்தையும் பெயரையும் பெற்றோரைக் கேட்காமல் பொதுவெளியில் பரப்புவதும் அப்படித்தான்.

வருகிற தவக்காலத்துக்குள் ஒவ்வொரு பங்கிலும் இரண்டு பேர் இதற்கு முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஒருவர் கேட்க, ஒருவர் தட்டச்சு செய்ய. பாஸ்கா வசனத்தில் தொடங்கலாம், கோயில் மணியில் பொறித்த எழுத்தில் தொடங்கலாம், எழுபதைத் தாண்டிய உபதேசியார் ஒருவரின் நினைவில் தொடங்கலாம். சொன்னவரின் சம்மதம் வாங்குங்கள். சொன்னவர் யார், எந்த ஊர், எந்த நாளில் கேட்டது, எந்த ஏட்டில் பார்த்தது என்ற விவரம் இல்லாமல் ஒரு பத்தியைக்கூட ஏற்றாதீர்கள். இணையத்தில் ஏற்ற வழி தெரியாதவர்கள் கையெழுத்துப் படியாகவே எங்களுக்கு அனுப்பலாம். தட்டச்சு செய்து தருவது இதழின் பொறுப்பு.