நிலைவாசலில் பென்சில் கோடு

எங்கள் மயிலாப்பூர் வீட்டு நிலைவாசலில் பென்சில் கோடுகள் உண்டு. பிறந்த நாளன்று அப்பா எங்களை நிற்கவைத்து, தலைமேல் ஸ்கேலை வைத்துக் கோடு போடுவார். ஒரு ஆட்சியை அளக்கவும் அதைவிட நல்ல அளவுகோல் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

நாகேஸ்வர ராவ் பூங்காவில் என்னோடு நடக்கும் நண்பர், பாங்க் யூனியனில் பழுத்த தோழர். "கம்யூனிஸ்ட் ஆட்சியில்தான் சார் ஏழைப் பிள்ளை வயிறு நிறையும், கேரளாவைப் பாருங்கள்" என்பார்.

வாஸ்தவம்தான். 2005-06 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகள் இந்தியாவில் நூற்றுக்கு 48, கேரளாவில் சுமார் 25. ஆனால் 1977 முதல் இடதுசாரிகளே ஆண்ட மேற்கு வங்கத்தில் சுமார் 45! குத்தகை விவசாயிகளின் உரிமையைப் பதிவு செய்து கொடுத்த ஆட்சி அது. இருந்தும் பிள்ளைகள் வளரவில்லை. கம்யூனிஸ்டுகள் ஆளவே ஆளாத தமிழ்நாட்டில் சுமார் 31.

ஆக, கொடியின் நிறம் பிள்ளையை வளர்ப்பதில்லை. கேரளாவில் பெண்கள் படித்தார்கள், பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருந்தது. இங்கே சோறு போட்டார்கள். தி.நகருக்குப் பெயர் தந்த தியாகராய செட்டியார் காலத்தில், 1920-ல், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு. 1956-ல் காமராஜர். 1980-ல் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய திட்டத்தில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டு, தேறாதவர்களுக்குக் கூடுதல் ஆகாரம் கொடுத்தார்கள். 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 1989-ல் கருணாநிதியின் முட்டை, 2022-ல் ஸ்டாலினின் காலை உணவு. ஆட்சி மாறியும் யாரும் தட்டைப் பிடுங்கவில்லை.

இதைச் சொல்லி மார்தட்டிக்கொள்ளத்தான் நினைத்தேன். ஆனால் 2019-21 ஆய்விலும் இங்கே நூற்றுக்கு 25 பிள்ளைகள் உயரம் குறைந்தவர்கள்தான்.

போன மாதம் பேரனுக்குக் கோடு போட்டபோது, வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் பேரனும் "எனக்கும் தாத்தா" என்று வந்து நின்றான். இருவருக்கும் ஏழு வயது. அவன் கோடு நாலு விரற்கடை கீழே. "அவன் அம்மாவும் குள்ளம்தான் சார்" என்றார் பாட்டி. அந்த அம்மா சிறு வயதில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

தோழரிடம் சொன்னேன். அன்று அவரும் கேரளாவைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டு கோடுகளும் அப்படியே இருக்கின்றன. அடுத்த வருஷம் பார்க்கவேண்டும்.