சிறுகதையில் தீயவன்

மாணவர் எழுதும் சிறுகதைகளில் தீயவனை அவனது முறுக்கு மீசையே காட்டிக்கொடுத்து விடுகிறது. அத்தகையவனைக் கண்டு நாம் அஞ்சுவதில்லை. அவன் நம்மவன் அல்லன் என்று ஆறுதலே கொள்கிறோம்.

1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்த ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' கதையை நோக்குவோம். மழையில் நின்ற மாணவியைக் காரில் ஏற்றிச் சென்று கெடுப்பவனுக்குக் கதையில் பெயரில்லை, கடுஞ்சொல்லும் இல்லை. இனிமையாகவே பேசுகிறான். அவளது அழுகையைக் கண்ட பின்னரே திகைக்கிறான், வருந்துகிறான். அவ்வருத்தத்தால் அவள் துயர் தீர்வதில்லை. ஆதலின் அவனை நாம் நம்புகிறோம், அஞ்சவும் செய்கிறோம்.

தீயவனின் வரலாற்றை விரிக்கச் சிறுகதையில் இடமில்லை. தன் செயலில் தவறில்லை என்று அவன் எண்ணும் ஒரு கணத்தைக் காட்டினால் போதும். அக்கணத்தில் நம் முகமும் தெரியுமாயின், அக்கதை வென்றது என்போம்.