துப்பாக்கியைக் கொந்தராத்துக்குக் கொடுத்தால் யார் பொறுப்பு?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் எடுத்து வாசியுங்கள்.

ஊரில் ஒரு பாலம் கட்டி ஆறு மாதத்தில் இடிந்தால் யாரைக் கேட்போம்? திணைக்களம் கொந்தராத்துக்காரரைக் காட்டும். அவர் தனக்குக் கீழே வேலை எடுத்தவரைக் காட்டுவார். அவர் மேசன்மாரைக் காட்டுவார். கடைசியில் மழைதான் குற்றவாளி. நமக்குப் பழகிப்போன கதை இது. பாலத்துக்குப் பதிலாகத் துப்பாக்கியைக் கொந்தராத்துக்குக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை ஈராக் மக்கள் அனுபவித்தார்கள்.

2007 செப்டெம்பர் 16. நோன்பு தொடங்கிச் சில நாட்கள்தான். பக்தாதின் நிசூர் சதுக்கத்துக்குள் நான்கு கவச வாகனங்கள் வந்து நின்றன. அவற்றில் இருந்தவர்கள் அமெரிக்க இராணுவத்தினர் அல்லர். அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் தனது அதிகாரிகளின் பாதுகாப்புக்காகச் சம்பளம் கொடுத்து வைத்திருந்த பிளக்வோட்டர் என்ற தனியார் கம்பனியின் ஆட்கள். அவர்கள் சுட்டதில் 17 பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். வெள்ளை நிறக் கார் ஒன்றில் வந்த மருத்துவ மாணவனும், டாக்டரான அவனது தாயும் அதில் அடக்கம். தகப்பனின் காரில் பின்சீட்டில் இருந்த 9 வயதுப் பிள்ளையும் அடக்கம்.

"எங்களைத் தாக்கினார்கள், அதனால் சுட்டோம்" என்றது கம்பனி. அப்படித் தாக்கியதற்கு ஆதாரமே இல்லை என்றது ஈராக் அரசின் விசாரணை.

கொலை நடந்தது பக்தாதில். செத்தவர்கள் ஈராக்கியர். அப்படியானால் ஈராக் நீதிமன்றத்தில்தானே வழக்கு நடக்க வேண்டும்? நடக்கவில்லை. அந்தக் கதவு மூன்று வருடங்களுக்கு முன்பே பூட்டப்பட்டிருந்தது. ஈராக்கை நிர்வகித்த அமெரிக்க அதிகாரி போல் பிரேமர், 2004 ஜூன் 27 அன்று 17 ஆம் இலக்கக் கட்டளையைத் திருத்திக் கையொப்பமிட்டார். வெளிநாட்டுக் கொந்தராத்துக்காரர்கள் தமது ஒப்பந்த வேலையில் செய்யும் எதற்கும் ஈராக் சட்டம் அவர்களைத் தொடாது என்பதே அதன் சாரம். அடுத்த நாள்தான் ஆட்சி ஈராக்கியரிடம் ஒப்படைக்கப்பட்டது. வீட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள், சாவியைக் கொடுக்கவில்லை.

சரி, அமெரிக்கச் சட்டம் தொடுமா? வெளிநாட்டில் குற்றம் செய்யும் கொந்தராத்துக்காரரை விசாரிக்க அங்கே ஒரு சட்டம் உண்டு. ஆனால் அது பாதுகாப்புத் திணைக்களத்தின் பணிக்கு உதவுபவர்களுக்கு உரியது. "நாங்கள் இராஜாங்கத் திணைக்களத்தின் ஆட்கள், எங்களுக்கு அது பொருந்தாது" என்று சந்தேகநபர்கள் வருடக்கணக்காக வாதாடினார்கள். நீதிமன்றம் கடைசியில் அதை ஏற்கவில்லை. ஆனாலும் சம்பளம் கொடுத்த திணைக்களத்தின் பெயரை வைத்து ஒரு கொலை வழக்கே விழுந்துவிடலாம் என்ற நிலை இருந்தது.

வழக்கு நகர்ந்த விதத்தைப் பாருங்கள். 2009 டிசம்பர் 31 இல் நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். சம்பவம் நடந்த கையோடு, "இதை உங்களுக்கு எதிராகப் பாவிக்க மாட்டோம்" என்று சொல்லி இராஜாங்கத் திணைக்களம் காவலர்களிடம் வாக்குமூலம் எடுத்திருந்தது. அது வழக்கில் கலந்துவிட்டது என்பதே காரணம். 2011 இல் மேன்முறையீட்டில் வழக்கு உயிர் பெற்றது. 2014 இல் நால்வரை ஜூரிகள் குற்றவாளிகளாகக் கண்டார்கள். அடுத்த வருடம் ஒருவருக்கு ஆயுள் தண்டனை, மூவருக்கு 30 வருடம். 2017 இல் மீண்டும் மேன்முறையீடு. மூவரின் தண்டனை பிறகு பாதியாகவோ அதற்கும் குறைவாகவோ ஆனது. ஆயுள் தண்டனைக் கைதிக்கு மறுவிசாரணை நடந்து, மறுபடியும் ஆயுள் தண்டனையே கிடைத்தது. 2020 டிசம்பர் 22 அன்று ஜனாதிபதி ட்ரம்ப் நால்வருக்கும் மன்னிப்பு வழங்கினார். எல்லாம் முடிந்தது.

"அமெரிக்க நீதிமன்றம் நீதி வழங்கியதுதானே?" என்று சிலர் கேட்கலாம். அதை நாம் மறுக்கக் கூடாது. ஈராக்கியர்கள் விமானமேறி வாஷிங்டன் போய்ச் சாட்சி சொன்னார்கள். அமெரிக்கச் சட்டத்தரணிகள் வருடக்கணக்கில் உழைத்தார்கள். சாதாரண அமெரிக்கப் பிரஜைகளான ஜூரிகள் தமது நாட்டவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். 13 வருட உழைப்பு அது. ஆனால் ஒரேயொரு கையொப்பத்தில் அது கரைந்தது. கம்பனியோ அந்தக் கொலைகளுக்காகக் குற்றவாளிக் கூண்டில் ஏறவே இல்லை. 2009 இலும் 2011 இலும் பெயரை மாற்றிக்கொண்டு தொழிலைத் தொடர்ந்தது.

இது எங்கோ நடந்த அநியாயம் என்று கடந்து போக முடியாது. 1984 முதல் நமது நாட்டில் விசேட அதிரடிப்படைக்குப் பயிற்சி கொடுத்தது கே.எம்.எஸ். என்ற பிரித்தானியத் தனியார் கம்பனி. முன்னாள் பிரித்தானிய விசேட படையினர் நடத்திய கம்பனி அது. அதன் விமானிகள் இங்கே ஹெலிகொப்டர்களும் ஓட்டினார்கள். போர்க்குற்றங்களில் அவர்களுக்குப் பங்கு இருந்ததா என்று லண்டன் பொலிஸார் விசாரணை தொடங்கியது 2020 இல். முப்பது வருடங்களுக்கும் மேலாகக் கேட்க ஆள் இல்லை.

பக்தாதுக்காகப் பதிவு போட்ட நம்மில் சிலர், கே.எம்.எஸ். பற்றிப் பேசும்போது "அது தமிழ் ஆட்களின் பிரச்சினை" என்று ஒதுங்குவதைக் கண்டிருக்கிறோம். இது சரியில்லை. கிழக்கில் விசாரணையே காணாத மரணங்கள் எல்லாச் சமூகத்திலும் உண்டு. நமது ஊர்களிலும் உண்டு. காத்திருப்பதன் வலி தெரிந்த நாம், நீதி கேட்பதற்கு முன் செத்தவரின் பெயரைப் பார்க்கக் கூடாது.

நாம் கேட்க வேண்டியது சிக்கலான விடயம் அல்ல. ஆயுதம் ஏந்திய எந்தக் கம்பனிக்கும் முன்கூட்டியே சட்டவிலக்கு எழுதிக் கொடுக்கக் கூடாது. எந்தத் திணைக்களம் சம்பளம் கொடுத்தாலும் ஒரே சட்டம் பொருந்த வேண்டும். சுட்டவனோடு கம்பனியும், அதை அமர்த்திய அரசும் பதில் சொல்ல வேண்டும். 2008 இல் பல நாடுகள் இணங்கிய மொன்ட்ரோ ஆவணம் இவற்றில் பலவற்றைச் சொல்கிறது. ஆனால் அது யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது.

நம்பிக்கை அடியோடு இல்லாமலும் இல்லை. அபூ குரைப் சிறையில் சித்திரவதைப்பட்ட மூன்று ஈராக்கியர், சி.ஏ.சி.ஐ. என்ற கொந்தராத்துக் கம்பனிக்கு எதிராக அமெரிக்க நீதிமன்றம் போனார்கள். 2008 இல் தொடங்கிய வழக்கு அது. 2024 நவம்பரில் ஜூரிகள் அவர்களுக்கு 42 மில்லியன் டொலர் நட்டஈடு தீர்த்தார்கள். 16 வருடம் விடாமல் நின்றதன் பலன்.

அதிகாரம் ஓர் அமானத். அதை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டால் பொறுப்பும் கைமாறிவிடும் என்று எந்த நீதியும் சொல்லாது. நமது பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுப்போம். உங்கள் கருத்துகளையும் எழுதுங்கள்.